வக்கீல் இல்லாமல் கிரீன் கார்டு: என்ஐடபிள்யூ மனுவில் எது எளிது, எங்கே சறுக்கும்

வேலை வழியாக வரும் அமெரிக்க கிரீன் கார்டு என்றாலே கம்பெனியும் அதன் வக்கீலும் பார்த்துக்கொள்கிற காரியம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுப் பிரிவுகளில் ஈபி-3க்கும் வழக்கமான ஈபி-2க்கும் அது சரி. அங்கே முதலில் தொழிலாளர் துறையிடம் பெர்ம் சான்று, அதாவது அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற சான்று, வாங்க வேண்டும். மனுதாரர் கம்பெனிதான், ஊழியர் வெறும் பயனாளி. பெர்முக்கான வக்கீல் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்று 2007லேயே விதி வந்துவிட்டது. வக்கீல் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் அங்கே நாம் இல்லை.

நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பக்கூடியவை இரண்டு. ஒன்று ஈபி-1ஏ என்கிற அசாதாரணத் திறமைப் பிரிவு. பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்டிய பிறகும், துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர்தானா என்று அதிகாரி மொத்தமாக எடைபோடுவார். இன்னொன்று ஈபி-2க்குள் இருக்கும் என்ஐடபிள்யூ, அதாவது தேசிய நலன் கருதி வேலை வாய்ப்புக் கடிதமும் பெர்மும் வேண்டாம் என்று தரும் விலக்கு. ஆராய்ச்சியாளர், பொறியாளர், மருத்துவர் எனப் பலர் வக்கீல் இல்லாமல் முயல்வது இரண்டாவதைத்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

படிவம் கடினமில்லை. ஐ-140 என்ற மனு, கூடவே ஈடிஏ-9089 படிவத்தின் 'அப்பெண்டிக்ஸ் ஏ', கையெழுத்திட்ட 'ஃபைனல் டிடர்மினேஷன்' பக்கம். இந்தக் கடைசி இரண்டும் 2023 ஜூனில் படிவம் மாறியதிலிருந்து கேட்கப்படுகின்றன. பழைய மாதிரிகளைப் பார்த்துத் தயாரிப்பவர்கள் இன்றும் ஈடிஏ-750பி என்ற பழைய தாளை வைத்து அனுப்புகிறார்கள். ஐ-140இன் 2ஆம் பகுதியில் ஈபி-2க்கென இரண்டு கட்டங்கள் உண்டு. உயர்பட்டம் உள்ளவர், ஆனால் என்ஐடபிள்யூ கேட்காதவர் என்பது ஒன்று. என்ஐடபிள்யூ கேட்பவர் என்பது இன்னொன்று. அவசரத்தில் முதல் கட்டத்தில் டிக் போட்டால், பெர்ம் சான்று எங்கே என்ற கேள்விதான் வரும். இதையெல்லாம் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். மாதக்கணக்கில் உட்காரவைப்பது, மனுவோடு வைக்கும் பதினைந்து இருபது பக்க விளக்கக் கடிதம்.

அந்தக் கடிதம் எதை நிரூபிக்க வேண்டும் என்பதை 2016 டிசம்பர் 27 அன்று வந்த ஒரு தீர்ப்பு வகுத்தது. குடியேற்றத் துறையின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் தந்த அந்தத் தீர்ப்பின் பெயர் 'மேட்டர் ஆஃப் தனசார்'. கேட்கப்படும் கேள்விகள் மூன்று. நீங்கள் செய்யப்போகும் முயற்சிக்கு உண்மையான பயனும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? மொத்தத்தில் பார்த்தால், வேலை வாய்ப்பும் பெர்மும் தேவை என்ற விதியை உங்களுக்காகத் தளர்த்துவது நாட்டுக்கு நல்லதா?

தீர்ப்பின் சுருக்கம் எங்கும் கிடைக்கும். ஆனாலும் முழுத் தீர்ப்பை ஒருமுறை வாசிப்பது நல்லது, நீளமும் அதிகமில்லை. அந்த மனுதாரர் விமான, விண்வெளி உந்துவிசைத் துறை ஆராய்ச்சியாளர். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடமும் சொல்லித்தருவேன் என்றார். அதிவேக உந்துவிசை ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று அலுவலகம் ஏற்றது. கற்பித்தலுக்கு? பயனுள்ள பணிதான், ஆனால் அவர் வகுப்பறையைத் தாண்டி அந்தக் கல்வித் துறையையே அது எப்படி மாற்றும் என்று காட்டவில்லை, ஆகவே தேசிய முக்கியத்துவம் இல்லை என்றது. ஆள் ஒருவர்தான், பட்டங்களும் அவைதான். அவர் சொன்ன இரண்டு பணிகளில் ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. என்ஐடபிள்யூவில் எடைபோடப்படுவது முதலில் நீங்கள் சொல்லும் முயற்சி; உங்கள் பயோடேட்டா அதற்குப் பிறகுதான். வக்கீல் இல்லாமல் போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நேர்மையாகச் சொன்னால், வக்கீல் வைத்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஓர் உதாரணம். 'கிளவுட் பாதுகாப்புத் துறையில் மூத்த மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிந்து அமெரிக்கப் பொருளாதாரத்துக்குப் பங்களிப்பேன்' என்று எழுதினால் அது முயற்சி அல்ல, வேலைப் பதவி. இணையப் பாதுகாப்பு நாட்டுக்கு முக்கியம் என்று அரசு அறிக்கைகளிலிருந்து பத்துப் பக்கம் மேற்கோள் காட்டினாலும் அதிகாரி ஒரே வரியில் முடித்துவிடுவார்: துறை முக்கியம், உங்கள் வேலையின் பலன் உங்கள் முதலாளிக்கும் அவர் வாடிக்கையாளர்களுக்கும் மட்டுமே. இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'சிறு ஊர் மருத்துவமனைகளில் ஓடும் பழைய நோயாளர் பதிவு மென்பொருள்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்காமலிருக்க, அவற்றை மாற்றாமலேயே மேலே பொருத்தக்கூடிய கண்காணிப்புக் கருவி ஒன்றை உருவாக்கி, திறமூலமாக வெளியிட்டு, முதல் 18 மாதங்களில் மூன்று மருத்துவமனைகளில் சோதிப்பேன்.' என்ன, எங்கே, யாருக்கு, எவ்வளவு காலத்தில், வேறு யார் அதை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. இந்த ஒரு பத்தி உறுதியானால், மற்ற தாள்கள் ஒவ்வொன்றையும் இதோடு கோக்கலாம். உறுதியாகாவிட்டால் நூறு மேற்கோள் எண்ணிக்கையும் அந்தரத்தில் தொங்கும்.

இரண்டாவது கேள்விக்குச் சான்றுதான் பேச வேண்டும். பட்டம், கட்டுரைகள், காப்புரிமை எல்லோரும் வைப்பார்கள். அதிகாரி தேடுவது இதுவரை என்ன நகர்ந்திருக்கிறது என்பதை. முன்மாதிரியைச் சோதிக்க ஒப்புக்கொண்ட மருத்துவமனையின் கடிதம், கிடைத்த நிதி, உங்கள் முறையைத் தம் வேலையில் பயன்படுத்திய வேறொரு குழுவின் கட்டுரைப் பக்கம். இவை ஒவ்வொன்றும் பத்துப் பொதுப் பாராட்டுகளுக்கு மேல். மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் இரண்டு மூன்றை எடுத்து, எந்த வரியில் எதற்காகக் காட்டினார்கள் என்று மஞ்சள் கோடிட்டு வையுங்கள்.

பரிந்துரைக் கடிதம் நான்கிலிருந்து ஆறு போதும். அவற்றில் பாதியாவது உங்களோடு வேலை செய்யாதவர்களிடமிருந்து, உங்கள் வேலையை வெளியிலிருந்து அறிந்தவர்களிடமிருந்து வர வேண்டும். எல்லாக் கடிதங்களையும் நாமே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்குவது நடக்கிற விஷயம்தான். ஆனால் ஆறு கடிதத்திலும் ஒரே சொற்றொடர் வந்தால் வாசிப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், பிறகு ஆறுக்கும் மதிப்பு போய்விடும். எழுதுபவரிடம் குறிப்புகளைக் கொடுங்கள், வாக்கியங்களை அவரே எழுதட்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பலர் அரைப் பக்கம்தான் ஒதுக்குகிறார்கள். தகுதியுள்ள அமெரிக்கர்கள் கிடைத்தாலும்கூட உங்கள் பங்களிப்பால் நாட்டுக்கு லாபம் உண்டா, பெர்ம் முறை உங்கள் பணிக்கு ஏன் பொருந்தாது, காலதாமதம் ஏன் கேடு என்பதை இங்கே சொல்ல வேண்டும். 'பெர்ம் ரொம்ப நாள் ஆகிறது' என்பது காரணமாகாது. அது எல்லோருக்கும்தான் ஆகிறது.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது: நீங்கள் ஈபி-2க்குத் தகுதியானவரா? முதுகலைப் பட்டம், அல்லது இளங்கலையோடு அதன் பிறகு ஐந்தாண்டு வளர்ச்சியுள்ள அனுபவம், அல்லது ஆறு அளவுகோல்களில் மூன்றைக் காட்டும் தனித்திறன். 2025 ஜனவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல், அந்தப் பட்டமும் அனுபவமும் நீங்கள் சொல்லும் முயற்சியோடு தொடர்புள்ளவையாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லிவிட்டது. இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு உணவகத் தொழில் திட்டம் வைத்தவர்களுக்கு அன்றோடு கதவு அடைந்தது.

தமிழ்நாட்டில் படித்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டியவை உண்டு. நான்கு ஆண்டு பி.இ., பி.டெக். பட்டத்தில் சிக்கல் இல்லை. மூன்று ஆண்டு பி.எஸ்சி., பி.காம். அமெரிக்க இளங்கலைக்குச் சமமாகத் தனியாக ஏற்கப்படாது. அதன் மேல் என்ன படித்தீர்கள் என்பதைப் பொறுத்தே மதிப்பு. 'மூன்றாண்டுப் படிப்பும் சில ஆண்டு அனுபவமும் சேர்த்தால் இளங்கலை' என்று எழுதித்தரும் மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. எச்-1பி விசாவுக்கு அந்தக் கணக்கு செல்லும், ஈபி-2க்குச் செல்லாது. மதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன்பே, எட்ஜ் என்ற கல்வித் தரவுத்தளத்தோடு ஒத்துப்போகும்படி அறிக்கை வருமா என்று கேளுங்கள். அதிகாரிகள் பார்ப்பது அதைத்தான்.

அனுபவத்தை எண்ணத் தொடங்கும் நாளும் முக்கியம். பட்டமளிப்பு விழா ஓராண்டு தள்ளிப்போவது நம் ஊரில் சாதாரணம். எல்லாத் தேவைகளும் முடிந்து பல்கலைக்கழகம் ப்ரொவிஷனல் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று 2017இல் மேல்முறையீட்டு அலுவலகம் ஏற்றிருக்கிறது. ஆகவே அந்தத் தாளைத் தேடி எடுத்து, மதிப்பெண் பட்டியல்களோடு வையுங்கள். அனுபவக் கடிதத்தில் பதவி, தேதிகளோடு என்ன வேலை செய்தீர்கள் என்ற விவரமும் வேண்டும். நம் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவு தருவது பெரும்பாலும் இரண்டு வரி 'சர்வீஸ் சர்டிஃபிகேட்'. அதற்கு மேல் தரமாட்டோம் என்றால், அந்தத் தாளோடு அப்போதைய மேலாளரின் உறுதிமொழிக் கடிதம், சம்பளச் சீட்டு, நியமன ஆணை சேர்த்து அனுப்ப வேண்டும்.

இனி பணமும் பொட்டலமும். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-140 கட்டணம் 715 டாலர். அதோடு புகலிடத் திட்டக் கட்டணம் என்று ஒன்று உண்டு: பெரிய கம்பெனிக்கு 600, சுயமாக மனு செய்பவர் சிறு முதலாளியாகக் கணக்கிடப்படுவதால் 300. இரண்டையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், சேர்த்து 1,015 என்று ஒரே தாளில் எழுதினால் திரும்பி வரும். 25 அல்லது அதற்குக் குறைவான ஊழியர்கள்தானா என்ற கேள்விக்குச் சுயமனுதாரர் 'ஆம்' என்றே குறிக்க வேண்டும். 2025 அக்டோபர் 28 முதல் காசோலையும் மணி ஆர்டரும் செல்லாது. அட்டை என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650, ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தாள். அட்டை மறுக்கப்பட்டால் மொத்தப் பொட்டலமும் திரும்பிவிடும். தெரியாத இடத்திலிருந்து பெரிய தொகை வந்தால் வங்கி தடுப்பது சகஜம், முன்கூட்டியே வங்கியிடம் சொல்லிவையுங்கள். விரைவு வழியான பிரீமியத்துக்கு ஐ-907 படிவம், 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர். என்ஐடபிள்யூவுக்கு அதில் 45 வேலை நாள் கெடு, ஈபி-1ஏவுக்கு 15. பிரீமியம் பதிலைத்தான் விரைவாக்கும், 'சரி' என்ற பதிலை அல்ல.

கட்டணமும் முகவரியும் படிவப் பதிப்பும் அடிக்கடி மாறும். அனுப்பும் அன்று காலை குடியேற்றத் துறையின் தளத்தில் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரீமியம் இருந்தால் ஒரு முகவரி, இல்லாவிட்டால் வேறு. பொட்டலம் ஸ்கேன் செய்யப்படும், அதனால் ஸ்டேப்ளர், கிளிப், பைண்டிங், பக்கத்தில் ஓட்டை எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். இந்தியாவில் ஸ்கேன் செய்த ஏ4 தாள்களை அமெரிக்க லெட்டர் அளவுக்குச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் முத்திரை வெட்டுப்படும். கையெழுத்து மையில் போட்டதாக இருக்க வேண்டும், அதன் ஸ்கேன் பிரதி போதும். கையெழுத்தில்லாத படிவம் வாசிக்கப்படாமலே திரும்பும்.

தமிழில் இருக்கும் எந்தத் தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்கு நோட்டரி தேவையில்லை. இரு மொழியும் தெரிந்த நண்பர் ஒருவர் மொழிபெயர்த்து, 'எனக்கு இரண்டு மொழிகளும் தெரியும், இது முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு' என்று எழுதிப் பெயர், கையெழுத்து, தேதி போட்டால் போதும். முத்திரையில் இருக்கும் எழுத்தையும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு மூன்றில் ஒன்று வரும்: அனுமதி, மறுப்பு, அல்லது கூடுதல் சான்று கேட்கும் ஆர்எஃப்இ. 2022-23 காலத்தோடு ஒப்பிட்டால் என்ஐடபிள்யூ அனுமதி வெகுவாக இறுகிவிட்டது. ஆர்எஃப்இ வந்தால் பதறத் தேவையில்லை, ஆனால் அதிகபட்சம் 84 நாள்தான் கிடைக்கும், நீட்டிப்பு கிடையாது. பதில் ஒரே தவணையில் போக வேண்டும். மனு போட்ட நாளில் இருந்த நிலைதான் கணக்கு: அதற்குப் பிறகு வெளியான கட்டுரை, பிறகு கிடைத்த விருது செல்லாது. முன்பே நடந்து, சான்று மட்டும் இப்போது கிடைத்தது என்றால் செல்லும். ஆர்எஃப்இயில் முயற்சியையே மாற்றி எழுதுவது பெரிய தவறு. பழைய முயற்சி தேறாது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால் புது மனுவாகப் போடுங்கள். மறுக்கப்பட்டவர் மீண்டும் போடத் தடை இல்லை, கட்டணம்தான் போகும்.

அனுமதி வந்ததும் கார்டு வந்துவிடாது. இதை மறந்து கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டுகள், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீத வரம்பு. வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்பதை மாதந்தோறும் வரும் விசா புல்லட்டின் சொல்லும்; அதில் உள்ள இறுதித் தேதிக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்கே கார்டு. 2025 அக்டோபர் விசா புல்லட்டினில் ஈபி-2 இறுதித் தேதி இந்தியாவுக்கு 2013 ஏப்ரல் 1. இந்தியா, சீனா தவிர்த்த பெரும்பாலான நாடுகளுக்கு 2023 டிசம்பர் 1. அதே மாதம் ஈபி-1இல் இந்தியாவின் தேதி 2022 பிப்ரவரி 15. தகுதி இருக்கும் இந்தியர்கள் ஈபி-1ஏ பக்கம் ஓடுவது ஏன் என்று இந்த மூன்று தேதிகளே சொல்லும்.

நாடு என்றால் இங்கே பிறந்த நாடு, பாஸ்போர்ட் நாடு அல்ல. மதுரையில் பிறந்து கனடா குடியுரிமை வாங்கியவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். சிங்கப்பூரிலோ துபாயிலோ பிறந்து இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இலங்கைக் கணக்கு. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவருமே அந்த நாட்டு வரிசையைப் பிடிக்கலாம். கோவையில் பிறந்த மனுதாரரின் மனைவி கோலாலம்பூரில் பிறந்தவர் என்றால் பத்தாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு அந்த ஒரு பிறப்புச் சான்றிதழில் கரைந்துவிடும். பெற்றோர் பிறந்த நாட்டை வைத்து இப்படிச் செய்வது மிக அரிது, குழந்தையின் பிறந்த நாட்டை வைத்து முடியவே முடியாது.

அப்படியானால் இந்திய வரிசையில் நிற்பவருக்கு என்ஐடபிள்யூவால் என்ன லாபம்? அனுமதிக்கப்பட்ட ஐ-140 கையில் இருந்தால் எச்-1பியை ஆறு ஆண்டுக்கு மேல் மூன்று மூன்று ஆண்டாக நீட்டலாம், எச்-4இல் இருக்கும் துணைவர் வேலை அனுமதி கேட்கலாம், கம்பெனி மாறினாலும் மனு உங்களுடையதாகவே இருக்கும். முன்பே கம்பெனி மூலம் அனுமதிக்கப்பட்ட ஐ-140 இருந்தால் அதன் பிரையாரிட்டி டேட்டை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதியை, புது மனுவுக்குக் கொண்டுவரலாம். பழைய அனுமதிக் கடிதத்தின் பிரதியை வைத்துக் கேளுங்கள். எஃப்-1 மாணவர்கள் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். ஐ-140 போட்ட பிறகு விசா விண்ணப்பத்தில் குடியேற்ற மனு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், புது எஃப்-1 விசா கிடைப்பது கடினமாகும். பிள்ளைகள் 21 வயதை நெருங்கும் வீட்டில் இன்னொரு நுணுக்கம்: ஐ-140 நிலுவையில் இருந்த நாட்கள் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கப்படும். பிரீமியம் கட்டி விரைவாக முடித்தால் அந்தக் கழிவும் குறையும்.

வரிசையில் உங்கள் தேதி வந்த பிறகு போடுவது ஐ-485, கிரீன் கார்டையே கேட்கும் விண்ணப்பம். மனுவைக் கம்பெனி போட்டிருந்தாலும் இது உங்கள் சொந்த விண்ணப்பம், நீங்களே போடலாம். பெரியவருக்கு 1,440 டாலர், பெற்றோருடன் சேர்த்துப் போடும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 950. வேலை அனுமதிக்கு மேலும் 260, பயண அனுமதிக்கு 630. ஐ-693 மருத்துவச் சான்றை 2024 டிசம்பர் 2 முதல் விண்ணப்பத்தோடேயே வைக்க வேண்டும், பிறகு தருகிறேன் என்றால் நிராகரிக்கப்படும். இந்தச் சோதனைக்கென அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரான சிவில் சர்ஜன் ஒட்டித் தரும் உறையைப் பிரிக்காதீர்கள். காசநோய்க்கு இப்போது ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனைதான். சிறுவயதில் போட்ட பிசிஜி ஊசியால் தோல் பரிசோதனையில் வரும் பொய்யான பாசிட்டிவ் இதில் வராது. ரத்தத்திலும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள்.

ஐ-485இல் தமிழர்களைத் தனியாகப் படுத்துவது பெயரும் பிறப்புச் சான்றிதழும். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இடம் காலியாக இருக்கும், அப்பா பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருக்கும். பெயரைச் சேர்த்துப் புதிய பிரதியை உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்க இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே ஆள் அனுப்புங்கள். பதிவே இல்லை என்றால், இல்லை என்ற சான்றும், பிறப்பை நேரில் அறிந்த பெற்றோர் அல்லது மூத்த உறவினர் இருவரின் உறுதிமொழியும், பள்ளிச் சான்றும் வேண்டும். இனிஷியல் மட்டும் வைத்திருந்தவரின் பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் போய், விசாவில் 'எஃப்என்யு' என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதைச் சரிசெய்யாமல் போட்டால் கார்டிலும் அப்படியே அச்சாகும் அபாயம் உண்டு. முதலில் பாஸ்போர்ட்டைப் பிரித்து எழுதி வாங்குங்கள், இதுவரை பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் எழுதுங்கள்.

வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. வழக்கு தள்ளுபடியானாலும் சரி, ஒருமுறையாவது கைது, ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவின் ஈராண்டுத் தாயகத் தங்கல் நிபந்தனை, பழைய விண்ணப்பத்தில் தவறான தகவல், அனுமதியில்லாத வேலை. கடைசியாக அமெரிக்காவுக்குள் முறைப்படி வந்த பிறகு விசா நிலை தவறிய நாட்கள் மொத்தம் 180க்குள் என்றால், வேலை அடிப்படை விண்ணப்பத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளும் சட்டப் பிரிவு உண்டு. ஆனால் அந்த நாட்களை எப்படி எண்ணுவது என்பதில் தவறினால் எல்லாமே போகும். அதற்கு மட்டும் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கொடுத்துவிட்டு, மனுவை நீங்களே எழுதலாம். வக்கீல் பட்டம் இல்லாத 'கன்சல்டன்ட்' யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.